தலையணை உறைக்குள் பதினோரு மாத்திரைகள்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் தொடங்கினால் என் நோயாளிகள் சிலருக்கு வலி கூடிவிடும். நோய் முற்றியிருக்காது. மாத்திரையை விழுங்காமல் ஒளித்து வைத்திருப்பார்கள்.

வலி நிவாரண ஆதரவு சிகிச்சையில் இருப்பவள் நான். புற்றுநோய் முற்றியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலை. தூத்துக்குடிக் கடற்கரையில் ஓர் ஊர். 65 வயது அம்மா ஒருவருக்கு மார்பகப் புற்று முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தேன். சில வாரங்களில் எழுந்து உட்கார்ந்து ஜெபமாலை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் கழிந்த மறு வாரம் அவருடைய மகள் போன் செய்தார். அம்மா இரவெல்லாம் முனகுகிறார், மருந்தைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டார்.

கூட்டிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன். முதுகுக்கு அண்டை கொடுக்கத் தலையணையை எடுத்தபோது உறைக்குள் ஏதோ உருண்டது. எண்ணிப் பார்த்தேன், 11 மாத்திரைகள். எனக்கு உடம்பு சில்லிட்டது. அது என் கண்ணில் படாமல் போய், நான் அளவை இரட்டிப்பாக்கி, பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடிந்ததும் அவர் ஒழுங்காக விழுங்கத் தொடங்கியிருந்தால், அந்த அளவுக்குப் பழகாத உடம்பு ஆழ்ந்த மயக்கத்துக்குப் போயிருக்கும். மருந்தை நிறுத்துகிறவர்கள் தயவுசெய்து அதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நான் கோபப்பட மாட்டேன். பட்டாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

"ஆண்டவர் பட்ட பாட்டுக்கு முன்னால் இது எம்மாத்திரம், டாக்டரம்மா? இதையாவது அவருக்கு ஒப்புக்கொடுக்கிறேனே" என்றார் அந்த அம்மா.

என்னோடு வேலை செய்யும் சிலர் இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நானும் சிலுவைக்கு முன்னால் முழங்காலிட்டு வளர்ந்தவள்தான், அவர் கத்தோலிக்கர், நான் புராட்டஸ்டன்ட் சபை என்றாலும். ரோமர்கள் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை அது. ஊர் பார்க்க, ஆடை உரிந்து, மூச்சுக்குத் தவித்துச் சாகும் சாவு. கடவுள் அந்த இடத்தில்தான் இருந்தார் என்று நம்புகிறவர்களுக்கு வலி வெறும் வலியாக இருப்பதில்லை. இந்தக் கடற்கரையில் ஆண்களுக்குச் சிலுவை என்றே பெயர் உண்டு. தெருமுனையில் குருசடி என்ற சிறு சிலுவைக் கோவில் உண்டு. வலி வந்தால் இவர்கள் வேறு எதைப் பிடித்துக்கொள்வார்கள்?

இந்த யோசனை வரும்போதெல்லாம் எனக்கு இசன்ஹைம் பலிபீட ஓவியம் நினைவுக்கு வரும். இன்றைய பிரான்சின் அல்சாஸ் பகுதியில் அந்தோணியார் சபைத் துறவிகள் நடத்திய ஒரு மருத்துவ மடத்துக்காக 1512 முதல் 1516 வரையிலான ஆண்டுகளில் மத்தியாஸ் குருனெவால்ட் வரைந்தது. இப்போது கொல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூஞ்சை பிடித்த ரை என்ற தானியத்தை உண்டு கைகால் எரிச்சலெடுத்து அழுகிப்போகும் நோய் அன்று ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. அந்தோணியார் நெருப்பு என்பார்கள். அந்த நோயாளிகள் அந்த மடத்துக்கு வந்தார்கள். ஓவியத்தில் இயேசுவின் தோல் பச்சை பாரித்து, உடம்பெங்கும் புண்ணாகி, விரல்கள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. அதைப் பார்க்கிற நோயாளி தன் புண்ணையே அவர் மேல் பார்த்திருப்பார்.

நான் மறக்காமல் சொல்ல விரும்புவது அடுத்த செய்தியைத்தான். அந்தத் துறவிகள் படத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பூஞ்சை இல்லாத நல்ல ரொட்டி கொடுத்தார்கள். மூலிகை சேர்த்த திராட்சை மது கொடுத்தார்கள். களிம்பு தடவினார்கள். அழுகிய காலை வெட்டி எடுக்க ஆள் வைத்திருந்தார்கள். அவர் உன் வலியை அறிவார் என்று சொன்ன அதே கூரையின் கீழ் வலிக்கு மருந்தும் இருந்தது. நம் ஊரில் இந்த இரண்டையும் எதிரெதிர் கட்சிகளாக்கி வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேனா என்றால், இல்லை. என் ஞாயிறு பள்ளி அறிவைக் கொண்டு போனேன். "எபிரேயர் நிருபத்தில் ஒரேதரம் பலியிடப்பட்டார் என்றுதானே இருக்கிறது? அவர் செய்து முடித்ததோடு உங்கள் வலியையும் சேர்க்க வேண்டியதில்லை, அம்மா" என்றேன். அவர் சிரித்தார். "அது உங்கள் சபை, டாக்டரம்மா." பிறகு எனக்கே பாடம் எடுத்தார். சிலுவையில் அறைவதற்கு முன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தார்கள், அது மரத்துப்போகச் செய்கிற மருந்து, ஆண்டவரே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நான் மட்டும் வாங்கிக்கொள்வதா?

மாற்கு நற்செய்தி, 15-ஆம் அதிகாரம். அவர் சொன்னதில் பிழை இல்லை. என்னிடம் பதிலும் இல்லை.

அவர் அனுமதியோடு பங்குத்தந்தைக்குப் போன் செய்தேன். மறுநாளே வந்தார். பிரசங்கம் செய்யவில்லை, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வலியை விசுவாசத்தோடு தாங்குவது நல்லதுதான், ஆனால் மயக்க மருந்தையோ வலி மருந்தையோ மறுக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒரு கிறிஸ்தவருக்கு இல்லை என்று 1957-இலேயே பாப்பரசர் 12-ஆம் பயஸ் மருத்துவர்களுக்குத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறார் என்றார். பிறகு யோவான் நற்செய்தியை எடுத்தார். முதலில் கொடுத்ததை வேண்டாம் என்றவர் கடைசியில் "தாகமாயிருக்கிறேன்" என்று வாய்திறந்து கேட்டார். கடற்பஞ்சில் தோய்த்துக் கொடுத்த புளித்த திராட்சரசத்தை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் "முடிந்தது" என்றார். எங்கள் வேதாகமத்தில் அதற்குக் காடி என்று பெயர். அந்தச் சொல்லைப் பல முறை வாசித்திருக்கிறேன். ஒரு வேதனைக்காரர் கேட்டுக் குடித்த பானம் அது என்று அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாமியார் போன பிறகு ஒரு மாத்திரையை விழுங்கினார்.

எல்லோரும் இதே காரணத்துக்காக மருந்தை விடுவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நேர்மாறாக வந்தார். "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற வசனத்தைச் சொல்லி, மாத்திரை போட்டால் அவிசுவாசம் என்றார். அவரிடம் நான் வாதாடவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டுதானே அந்த வசனத்தை வாசிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். இன்னொரு வகையினர் நோயே தங்கள் பாவத்துக்குத் தண்டனை என்று நினைப்பவர்கள். இவர்கள் வாய் திறக்க நாளாகும். வலிக்கு எழுதும் மருந்து அந்தக் குற்றவுணர்வுக்கு எட்டாது. போதகரையோ பங்குத்தந்தையையோ மனநல ஆலோசகரையோ நாங்கள் அழைப்பது அதற்காகத்தான். லண்டனில் 1967-இல் நவீன நோய்த்தணிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. உடல், மனம், உறவு, ஆன்மா நான்கும் சேர்ந்துதான் வலி என்று சொன்னவர் அவர். மார்ஃபினை வலி வரும்வரை காத்திராமல் நேரத்துக்கு நேரம் கொடுக்கப் பழக்கியவரும் அவரே.

இயேசு சிலுவையில் இறந்த நாளான பெரிய வெள்ளி நெருங்குவதால் ஒருசந்தி என்கிற நோன்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கச் சட்டப்படி சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரிய நோன்புக் கடமை 18 முதல் 59 வயது வரையில் இருப்பவர்களுக்குத்தான். நோயாளிகளுக்கு அதிலிருந்தும் விலக்கு உண்டு. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் அவற்றைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேர ஆராதனையில் நிற்பது ஆபத்து. கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறினால் அதை ஆவியின் அசைவு என்று யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். உடனே சர்க்கரையைக் கொடுங்கள். நோன்பு இருக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளுங்கள். இன்சுலினை நீங்களாகவே நிறுத்திவிடுவதும் தவறு, குறிப்பாகச் சிறு வயதிலிருந்தே போடுகிறவர்கள். மார்ஃபின் எடுப்பவர்களுக்கு மலச்சிக்கல் வரும், தண்ணீரையும் விட்டால் அது இன்னும் இறுகும். கோவில் கஞ்சி வரும்வரை தொண்டை காய்ந்து காத்திருக்காதீர்கள்.

அந்த அம்மா அந்த வருடத்துப் பெரிய வெள்ளிக்கு இருந்தார். வியாழக்கிழமை நான் போனபோது என்னோடு பேரம் பேசினார். பகல் 2 மணி மாத்திரை ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நேரத்துக்குள் வருகிறதாம். அதை மட்டும் 3 மணிக்குத் தள்ளிவைக்கலாமா?

யோசித்தேன். ஒரு மணி நேரம். வலி அப்போது கட்டுக்குள் இருந்தது. சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு. இடையில் வலி ஏறினால் மகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், அப்போது மணி பார்க்கக் கூடாது. ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே தலையாட்டினார்.

மறுநாள் எங்கள் ஆலயத்தில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனையில் ஏழாவது வார்த்தை முடிந்து வெளியே வந்ததும் மகளைப் போனில் கூப்பிட்டேன். இரண்டரை மணிக்கு மேல் அம்மா கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாராம், கேட்டதற்கு வலி கொஞ்சம்தான் என்றாராம். மூன்று அடித்ததும் அவரே கையை நீட்டினாராம். கோவிலிலிருந்து வந்த கஞ்சியின் தெளிவில் ஒரு கரண்டி ஊற்றி மாத்திரையைக் கொடுத்ததாக மகள் சொன்னார்.