லேபிள் இல்லாத ஜாடியும் 68660-ஆம் எண் பீப்பாயும்

கதிரியக்கக் கழிவுப் பீப்பாயில் ஒட்டிய சீட்டு கிழிந்துபோனால் என்ன செய்வார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். விளையாட்டாகக் கேட்டாரோ என்னவோ, அணு ஆய்வு மையங்களில் கழிவைப் பார்த்துக்கொள்பவர்களின் வயிற்றைக் கலக்கும் கேள்வி இது.

அணுமின் நிலையக் கழிவு அளவில் பெரிது. ஆனால் உள்ளே என்ன இருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆய்வு மையத்தில் ஒரு அறையில் அயோடின், பக்கத்து அறையில் அமெரிசியம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல ரகம் சேரும். அயோடின்-131-க்கு அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள்தான். 80 நாள் பூட்டி வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். சீசியம்-137-க்கு 30 ஆண்டு. புளுட்டோனியம்-239-க்கோ 24,100 ஆண்டு. அதைக் கையாண்டவர் முப்பது வருடத்தில் ஓய்வு பெற்றுப் போய்விடுவார்.

சரி, கிழிந்த சீட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஹான்ஃபோர்டு, இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுக்காகப் புளுட்டோனியம் தயாரித்த வளாகம். 2004 டிசம்பரில் அங்கே பழைய கழிவுக் குழி ஒன்றைத் தோண்டியபோது ஒரு இரும்புப் பெட்டகம் கிடைத்தது. உள்ளே ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் வெள்ளையாக ஒரு குழம்பு. சோதித்தால் புளுட்டோனியம்! யார் செய்தது, எப்போது, எங்கே? பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் ஜாடியையே விசாரித்தார்கள்.

யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை விழுங்கி, நெப்டியூனியம் வழியாகப் புளுட்டோனியம்-239 ஆகும் என்பது பாடப்புத்தகத்திலேயே உண்டு. அந்த 239 உலையிலேயே கிடந்தால் இன்னொரு நியூட்ரானையும் வாங்கி 240 ஆகிவிடும். ஆக, 240-இன் பங்கைப் பார்த்தால் எரிபொருள் எவ்வளவு காலம் உலையில் கிடந்தது என்று தெரிந்துவிடும். ஜாடியில் இருந்ததில் 99.96 சதவீதம் 239. அதாவது, உள்ளே போட்டதும் தெரியாமல் எடுத்ததும் தெரியாமல் வெளியே வந்த எரிபொருள். அந்த விகிதம் ஹான்ஃபோர்டு உலைகளுக்குப் பொருந்தவில்லை. தொலைவில் டென்னசியின் ஓக் ரிட்ஜில் 1943-இல் ஓடத் தொடங்கிய எக்ஸ்-10 உலைக்குப் பொருந்தியது.

அடுத்தது வயசு. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. வேதிமுறையில் பிரித்தெடுத்த அன்று புளுட்டோனியத்தில் யுரேனியம் இருக்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு 239 அணுவும் தன் முறை வரும்போது ஓர் ஆல்ஃபா துகளைக் கழற்றிவிட்டு யுரேனியம்-235 ஆகும். ஆல்ஃபா துகளின் நிறை எண் 4. 239-இல் 4 போனால் 235, அவ்வளவுதான். அறுபது வருடத்தில் பத்தாயிரம் அணுக்களுக்குச் சுமார் 17 இப்படி மாறியிருக்கும். அந்தப் பதினேழை எண்ணத் தெரிந்தால் போதும், பிறந்த தேதி கிடைத்துவிடும். நாழிகை வட்டிலில் சொட்டிய நீரை அளப்பது மாதிரி. இந்தக் கணக்கு 1940-களைக் காட்டியது. பழைய ஆவணங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, ஓக் ரிட்ஜ் உலையில் கிடந்த எரிபொருளை ஹான்ஃபோர்டுக்குக் கொண்டுவந்து பிரித்ததில், 1944 டிசம்பரில், ஹான்ஃபோர்டு பிரிப்பு ஆலையின் முதல் ஓட்டங்களில் பிறந்தது என்று முடிவுக்கு வந்தார்கள்.

இன்னொரு சாட்சியும் இருந்தது. கலவையில் ஃப்ளோரின் உண்டு. புளுட்டோனியம் வீசும் ஆல்ஃபா துகள் ஃப்ளோரின்-19-இல் மோதினால் ஒரு நியூட்ரான் தெறித்து, சோடியம்-22 பிறக்கும். அதன் அரை ஆயுள் 2.6 ஆண்டுதான். சோடியம் நீரில் கரையும். புளுட்டோனியம் அடியில் படிந்து கிடக்கும். இடையில் யாராவது திரவத்தைத் தனியே பிரித்தால் இரண்டுக்கும் உள்ள கணக்கு இடறும். ஜாடியை யாரும் தொட்டார்களா என்பதுகூட ஜாடிக்குள்ளேயே எழுதியிருக்கிறது!

ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால் இத்தனை துப்பறிய வேண்டியிருந்தது. ரசித்துப் படிக்கலாம்தான். ஆனால் எல்லாப் பீப்பாய்க்கும் இப்படிச் செய்ய யாரிடம் பணம் இருக்கிறது? புதுக் கருவி வாங்கவும் கட்டடம் திறக்கவும் நிதி கிடைக்கிறது. ஓய்வு பெறப்போகிறவர் பக்கத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து, அவர் தலையில் இருப்பதை எழுதி வாங்க ஒரு ஆளைப் போடுங்கள் என்றால் கோப்பு நகராது. என் கையில் கொடுத்தால் இந்த வேலைக்குத்தான் முதலில் பணம் ஒதுக்குவேன்.

குறிப்பு இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. நியூ மெக்சிகோவில் கார்ல்ஸ்பாடு அருகே, 655 மீட்டர் ஆழத்தில் உப்புப் பாறைக்குள் ஒரு கழிவுக் கிடங்கு இருக்கிறது. 2014 பிப்ரவரி 14 இரவு அங்கே கதிரியக்கம் கசிந்தது. காரணம் லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலிருந்து வந்த 68660-ஆம் எண் பீப்பாய். அதில் நைட்ரேட் உப்புகள் இருந்தன. ஈரத்தை உறிஞ்சப் பூனை மலத்தொட்டிக்குப் போடும் பொடியைக் கலப்பது வழக்கம்; கனிமப் பொடி என்றால் சிக்கல் இல்லை, எரிய அதில் எதுவும் கிடையாது. ஆனால் செயல்முறைக் குறிப்பில் ‘இனார்கானிக்’ என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்கானிக்’ என்று ஏறிவிட்டது. கோதுமையில் செய்த பொடியைக் கொட்டினார்கள். நைட்ரேட் என்பது வெடியுப்பின் குடும்பம். ஆக்சிஜனைத் தானே கொண்டுவரும். கோதுமை விறகாயிற்று. பீப்பாய் தானாகவே சூடேறி மூடியைத் தூக்கியது. கிடங்கு கிட்டத்தட்ட மூன்று வருடம் மூடிக் கிடந்தது.

அப்புறம், அதே கலவை போட்ட மற்றப் பீப்பாய்கள்? எந்த எண்ணில் என்ன போட்டார்கள் என்ற பதிவு இருந்ததால், லாஸ் அலமோசிலும் டெக்சாஸிலும் அவற்றைத் தேடிப் பிடித்துத் தனியே ஒதுக்கினார்கள். பிறகு அவற்றின் வெப்பநிலையைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள்.