ஒப்பனைச் சிமிழும் ஒப்பனைப் பேழையும்: காம்பேக்ட், வேனிட்டி கேஸ் – சொல் விளக்கம்

காம்பேக்ட் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது வில்லையாக இறுக்கிய முகப் பவுடர்தான். பழைய ஒப்பனைப் பொருள்களைச் சேகரிப்பவர்களுக்கு அந்தச் சொல் பவுடரை வைக்கும் பெட்டியைக் குறிக்கும். உள்ளங்கையில் அடங்கும் அளவு, கீலில் திறக்கும் மூடி, மூடியின் உட்புறம் கண்ணாடி, அடியில் பவுடரும் ஒற்றி எடுக்கும் பஞ்சும்.

சொல்லின் வேர் லத்தீனின் 'காம்பாக்டுஸ்'. சேர்த்து இறுகப் பொருத்தியது என்று பொருள். இதைப் பார்த்துவிட்டு 'கச்சிதப் பெட்டி' என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். கச்சிதம் ஒரு தன்மை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை. மூடியோடு கூடிய சிறு கலத்துக்குத் தமிழில் பழைய பெயர் செப்பு. "செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே உட்பகை உற்ற குடி" என்கிறது குறள் 887. செப்பும் மூடியும் ஒன்றெனத் தெரியும்படி பொருந்தியிருந்தாலும் இரண்டும் தனித்தனிதான் என்பது உவமை. லத்தீன் வேர் சொல்லும் அதே பொருத்தம் இங்கேயும் இருக்கிறது! ஆனால் செப்பு என்றால் இப்போது செம்பு உலோகமும் விளையாட்டுச் சாமானும்தான் முதலில் தோன்றும். அதனால் சிமிழ் என்பதே என் தேர்வு. காம்பேக்ட்: ஒப்பனைச் சிமிழ்.

வேனிட்டி கேஸ் வேறு. வேனிட்டியின் வேரான லத்தீன் 'வானுஸ்' என்பதற்கு வெறுமையானது, வீணானது என்று பொருள். தற்பெருமை என்ற பொருள் பிறகு வந்தது. அதை அப்படியே தமிழாக்கினால் 'வீண்பெருமைப் பெட்டி' ஆகிவிடும். அந்தப் பழிப்பு நமக்குத் தேவையில்லை. பவுடரோடு கன்னச் சிவப்பு, உதட்டுச்சாயம், சீப்பு, சில்லறை, சிகரெட் எனப் பலவற்றுக்கும் தனித்தனி அறைகள் கொண்டது இது. ஆகவே ஒப்பனைப் பேழை. இதே குடும்பத்தில் நகைபோலச் செய்த ஒரு வகைக்கு 'மினோடியேர்' என்று பெயர். வான் க்ளீஃப் & ஆர்பெல்ஸ் என்ற பிரெஞ்சு நகை நிறுவனம் 1933-இல் உருவாக்கியது. நளினம் காட்டிக் குழைவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த பெயர். இதை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுவதே சரி.

'ஆன்டிக்' என்ற அடைமொழியிலும் கவனம் வேண்டும். நூறு ஆண்டு கடந்ததைத்தான் வணிகத்தில் அப்படிச் சொல்வது வழக்கம். சேகரிப்பில் அதிகம் கிடைப்பவை 1930 முதல் 1950கள் வரையானவை, அவை 'வின்டேஜ்'. பழம்பொருள் என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

ஒரு சிமிழைக் கையில் எடுத்தால் முதலில் உள்மூடியைப் பாருங்கள். உதிரிப் பவுடருக்கானதில் பவுடர் சிந்தாமலிருக்க உள்மூடியோ மெல்லிய சல்லடைத் துணியோ இருக்கும். இங்கிலாந்தின் ஸ்ட்ராட்டன் நிறுவனம் செய்த சிமிழ்களில் சில, வெளிமூடியைத் திறந்ததும் உள்மூடி தானே எழும்பும்படி அமைந்தவை. நகம் உடையாமலிருக்கச் செய்த ஏற்பாடு. அப்புறம் கண்ணாடி. ஓரங்களில் கரும்புள்ளி படர்ந்திருந்தால் பின்பக்க ரசம் போகிறது என்று அர்த்தம். பழைய பவுடரை உலர்ந்த மென்தூரிகையால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். கண்ணாடியின் விளிம்பு வழியாக ஈரம் இறங்கினால் மிச்சமிருக்கும் ரசமும் உரிந்துவிடும்.