பயறு வண்டு வயலிலிருந்தே வீட்டுக்கு வருகிறது

போன ஆடியில் ஓர் அம்மா பச்சைப்பயறு மூட்டையை ஆட்டோவில் ஏற்றி எங்கள் வேளாண் அலுவலகத்துக்கே கொண்டுவந்துவிட்டார். பங்குனியில் அறுத்துச் சித்திரையில் கட்டிவைத்த பயறு. பிரித்ததும் வண்டு கையில் ஏறியது. பாதிப் பயறில் வட்ட ஓட்டை. "புதுச் சாக்கு சார், வாயை இறுக்கித் தைச்சுத்தான் வச்சேன். எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். அவர் பையில் ஒரு மாத்திரைக் குப்பியும் இருந்தது. கடையில் கொடுத்தார்களாம்.

வண்டு வயலிலிருந்து வந்தது. காய் முற்றிக் காயும் நேரத்தில் தாய் வண்டு பறந்து வந்து காயின் மேல் முட்டை ஒட்டிவிடும். புழு உள்ளே துளைத்துப் பயறுக்குள் உட்கார்ந்துகொள்ளும். துளைத்த இடம் கண்ணுக்கே தெரியாது. அறுவடையில் நாம் வீட்டுக்குக் கொண்டுவருவது பயறையும் புழுவையும் சேர்த்துத்தான். ஒரு மாதத்தில் வண்டாக வெளியேறி, பக்கத்துப் பயறில் வெள்ளைப் புள்ளி போல முட்டை வைக்கும். வளர்ந்த வண்டு ஒன்றும் தின்பதில்லை. பத்துப் பன்னிரண்டு நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் ஒரு தாய் வண்டு நூறு முட்டை வரை இடும். அதில் பாதி பெண் என்று வையுங்கள், கணக்குக்கு இரண்டாம் மாதம் 5,000 ஆகிவிடும்.

ஆஸ்திரேலியாவில் பட்டாணியைத் தாக்கும் வண்டு வேறு இனம். அது ஆண்டுக்கு ஒரே தலைமுறை, காய்ந்த பட்டாணியில் பெருகாது. அங்கே பூக்கும் பருவத்தில் வலை வீசி வண்டை எண்ணிப் பார்த்து, காயில் முட்டை விழுவதற்குள் மருந்து அடிக்கிறார்கள். நம் பயறு வண்டுக்கு வயலும் ஒன்றுதான், மூட்டையும் ஒன்றுதான். அதனால் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு மண் மெழுகு பதத்தில் ஈரமாக இருக்கும்போது தெளித்து, நெல் அறுத்த பிறகு அதே வயலில் வளர்கிற தரிசுப் பயறில், காய் முதிரும்போது 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கச் சொல்கிறேன். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்க வேண்டும். இரசாயன மருந்தே அடிப்பதானால் அந்தப் பயிருக்கு அனுமதித்ததாக இருக்கட்டும். அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று சீட்டில் போட்டிருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை, எனக்கு ஆற்றாமை அதில்தான். மருந்தைவிட முக்கியம், காய்ந்த காயை வயலில் விட்டுவைக்காமல் எடுத்துவிடுவது. ஆள் கிடைக்கவில்லை என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் முட்டை கூடுகிறது.

பிறகு வெயில். விதைப் பயறில் ஈரம் 9 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பல்லில் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைந்தால் சரி. பழைய சாக்கானால் உதறி, வெயிலில் போட்டு எடுங்கள்.

விதையையும் சமையல் பயறையும் முதல் நாளே பிரித்துவிடுங்கள். விதைக்கு 100 கிலோவுக்கு 1 கிலோ ஊக்குவிக்கப்பட்ட களிமண் (ஆக்டிவேட்டட் கயோலின் தூள்) கலந்தால், வண்டின் மேல்தோல் மெழுகு உரிந்து அது வறண்டு சாகும். பூச்சிமருந்துத் தூள் கலந்த விதை மீந்தாலும் உலைக்குப் போகக் கூடாது, மாட்டுக்கும் போகக் கூடாது. சாக்கின் மேல் பெரிதாக எழுதிவையுங்கள். சமையல் பயறுக்கு நம் பாட்டிமார் தடவிய விளக்கெண்ணெயே போதும். கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி. முட்டைக்கு மூச்சு அடைத்துப்போகும். உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாகப் பெருகாது என்பதால், முடிந்தவர்கள் உடைத்தே வைக்கலாம்.

அந்த மாத்திரைக்கு வருகிறேன். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. கதவு சாத்திய வீட்டில் தானியத்துக்குப் போட்டுவிட்டுப் படுத்த குடும்பங்களில் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். சட்டப்படி அரசுக் கிடங்குகளும் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும்தான் பயன்படுத்தலாம். "ஒண்ணே ஒண்ணு போட்டா என்ன சார்?" என்று அந்த அம்மா கேட்டார். ஒரு மாத்திரை 3 கிராம், அதிலிருந்து 1 கிராம் பாஸ்பீன் வரும். மூட்டை இருந்தது அவர் பேரன் தூங்கும் அறையில். அதைச் சொன்னதும் குப்பியைத் திறக்காமலே என் மேசையில் வைத்துவிட்டார்.

இந்தப் பங்குனியில் அவரே போன் செய்தார். காய் கறுத்தவுடன் அறுத்துக் களத்தில் தார்ப்பாயில் கொட்டிவிட்டாராம். எத்தனை நாள் காயவேண்டும் என்று கேட்டார். கடித்துப் பாருங்கள் அம்மா என்றேன்.