கதிர்வீச்சு இழப்பீடு: நோய்க்குக் காரணம் கேட்காத அமெரிக்கச் சட்டம்

1945 ஜூலை 16 அதிகாலையில் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் உலகின் முதல் அணுகுண்டு வெடித்தது. அருகிலிருந்த துலரோசா வட்டாரத்துக் குடும்பங்கள் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்தவர்கள். அந்தக் கூரைகளில் சாம்பல் படிந்தது. யாரும் எச்சரிக்கவில்லை, வெடித்தது வெடிமருந்துக் கிடங்கு என்று ராணுவம் செய்தி கொடுத்தது. அம்மக்களுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை கிடைத்தது 2025 ஜூலையில்தான்.

கதிர்வீச்சுப் பாதிப்பு இழப்பீட்டுச் சட்டம் என்னவோ 1990-லேயே வந்துவிட்டது. அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்கும் வரியும் அதில் உண்டு. ஆனால் நெவாடாவில் 1951 முதல் 1962 வரை நடந்த திறந்தவெளிச் சோதனைகளையே அது முதன்மையாகக் கருதியது. முதல் குண்டு வெடித்த மண்ணை மறந்துவிட்டது. 41,000-க்கும் மேற்பட்டோருக்கு 260 கோடி டாலருக்கு மேல் வழங்கிய பிறகு, 2024 ஜூனில் காலாவதியானது. ஓராண்டு கழித்து, 2025 ஜூலை 4-ல் உயிர்பெற்றது.

இப்போது சோதனையின் கதிர்வீச்சுத் துகள்களைக் காற்று சுமந்து சென்ற ஊர்க்காரர்களுக்கும், சோதனைகளில் நேரடியாகப் பங்கேற்றவர்களுக்கும், யுரேனியத் தொழிலாளர்களுக்கும் தலா ஒரு லட்சம் டாலர். முன்பு ஊர்க்காரர்களுக்கு 50,000 மட்டுமே. யூட்டா, நியூ மெக்சிகோ, ஐடஹோ முழுவதும் சேர்ந்துள்ளன. நெவாடா, அரிசோனாவில் சில பகுதிகள் மட்டும். மிசௌரி, டென்னசி, கென்டக்கி, அலாஸ்காவில் குறிப்பிட்ட அஞ்சல் எண் பகுதிகளில் அணுக்கழிவுக்கு அருகே இரண்டாண்டு வாழ்ந்தவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. கொலராடோ, மொன்டானா, குவாம் மக்கள் ஊர்க்காரர் பிரிவில் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். காற்று எல்லைக்கோடு பார்த்து வீசுவதில்லை, சட்டம் பார்க்கிறது.

இதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று: “உங்கள் புற்றுநோய் குண்டால்தான் வந்தது என்று நிரூபியுங்கள்” என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்த மருத்துவராலும் அப்படிச் சொல்ல முடியாது என்பதால் சட்டமே அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டது. இடம், காலம், நோய் மூன்றும் பொருந்தினால் போதும். நியூ மெக்சிகோவாசி என்றால், 1944 செப்டம்பர் 24 முதல் 1962 நவம்பர் 6 வரையிலான காலத்தில் ஓராண்டு அங்கே இருந்திருக்க வேண்டும்; தைராய்டு, மார்பகம், வயிறு, நுரையீரல் போன்ற பட்டியலிலுள்ள புற்றுநோய் வந்திருக்க வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய் பட்டியலில் இல்லை.

ஆகவே போராட்டம் முழுவதும் காகிதத்தோடுதான். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய பள்ளிப் பதிவேடு, மின்கட்டண ரசீது, திசுப் பரிசோதனை அறிக்கை என்று தேடி அலைய வேண்டும். பாதிக்கப்பட்டவர் இறந்திருந்தால் துணைவர், பிள்ளைகள் என்ற வரிசையில் வாரிசுகள் கேட்கலாம். அப்போது திருமணச் சான்றும் வேண்டும். யுரேனியச் சுரங்கங்களில் உழைத்த நவாஹோ பழங்குடி மக்களில் பலர் மரபுச் சடங்கில் மணந்தவர்கள், பதிவு ஏது? பழங்குடிகளின் மரபையும் வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வரியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் விண்ணப்பத்துக்கு வழக்கறிஞர் இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கூடுதலாகக் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். விண்ணப்பங்களை அமெரிக்க அரசின் நீதித்துறை (Department of Justice) பெற்றுக்கொள்கிறது. கடைசி நாள் 2027 டிசம்பர் 31.