மாசடைந்தவரா, மாசுபடுத்தியவரா?

சென்ற மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் தெற்கே, மெரிபேங்க் கோயில் மண்டபத்தில் காற்று மாசுபாட்டைப் பற்றி ஒரு கூட்டம். வாசலில் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையில் தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘மாசடைந்தவர் செலவை ஏற்க வேண்டும்.’ இரண்டு முறை படித்தேன். பக்கத்தில் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு என் பேரன் உட்கார்ந்திருந்தான். மாசடைந்தவன் அவன்தான். அவனா செலவை ஏற்க வேண்டும்?

1998ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிரானது. கேட்டை விளைவித்தவர்தான் அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரே ஒரு வினைச்சொல் பிசகியதால் குற்றவாளியும் பாதிக்கப்பட்டவனும் இடம் மாறிவிட்டார்கள்.

மாசு பழைய சொல். அழுக்கு, கறை, குற்றம் எல்லாம் அதற்குள் அடங்கும். ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல்’ என்பது குறள். ‘மாசில் வீணையும்’ என்று அப்பர் பாடியது நீற்றறைக்குள், அதாவது சுண்ணாம்புச் சூளைக்குள், அடைபட்டிருந்தபோது என்பார்கள். அடுத்த அடியிலேயே ‘வீசு தென்றலும்’ வருகிறது. ‘பொல்யூஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் மூலம் லத்தீனில் அழுக்காக்குதல்தான். அதுவும் நெடுங்காலம் ஒழுக்கக் கறையையும் புனிதம் கெடுவதையும் குறித்துவிட்டுப் பிறகுதான் புகைக்கு வந்தது. ஆகவே மாசு என்ற பெயரில் எனக்குக் குறையே இல்லை. குறை அதன் பின்னால் ஒட்டும் ‘அடைதல்’ மீதுதான்.

‘வளி மாசடைதல்’ என்பது இலங்கைப் பாடநூல்களில் நன்கு பழகிய வழக்கு. வளியும் அருமையான சொல். எரிமலைச் சாம்பல் வானை மூடினால் ‘காற்று மாசடைந்தது’ என்று நானும் எழுதுவேன். அங்கே செய்தவர் யாரும் இல்லை. ஆனால் புகைபோக்கி கக்குவதற்கும் அதே சொல்லா? அடைதல் என்பது அனுபவிப்பவருடைய வினை. கவலையடைந்தாள், ஏமாற்றமடைந்தான் என்கிறோம். காற்று தானே எங்கோ போய் மாசை வாங்கிக்கொண்டு வந்ததுபோல ஆகிவிடுகிறது.

தமிழில் இதற்குத் தெளிவான இணை உண்டு. புண்படு, புண்படுத்து. புண்பட்டவர் வேறு, புண்படுத்தியவர் வேறு. ‘புண்பட்டவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. மாசுபடு, மாசுபடுத்து என்பதும் அதே அச்சில் வார்த்தது. நிலையைச் சொல்ல மாசுபாடு, செயலைச் சொல்ல மாசுபடுத்தல், செய்தவரைச் சொல்ல மாசுபடுத்தியவர். இவ்வளவு இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே ‘மாசடைதல்’ மூட்டையில் கட்டுவானேன்? சொல் நீள்கிறது என்பார்கள். நீளட்டும். இரண்டு எழுத்தை மிச்சம் பிடித்துப் பொருளைப் பறிகொடுக்க வேண்டுமா?

என் ஆயா, அதாவது பாட்டி, டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தருகே வளர்ந்தவர். அறுவடைக்கு முன் தோட்டத்தை எரிக்கும் நாளில் கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் கருஞ்சாம்பல் நீள நீளமாக வந்து ஒட்டும். தட்டினால் போகாது, இழுவிக்கொண்டு கறையாகும். ஆயா ஒரு நாளும் ‘காற்று கெட்டுவிட்டது’ என்று சொன்னதில்லை. “தீ வைத்துவிட்டான், துணியை எடு” என்பார். தமிழ் வினைமுற்றின் வாலிலேயே செய்தவன் நிற்கிறான். மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வாலை வெட்டி வினையைப் பெயராக்குகிறார்கள். அதோடு ஆளும் போய்விடுகிறான்.

எங்கள் பகுதியில் ஆள் யார் என்பது ஒளிவுமறைவான செய்தியே அல்ல. நாட்டின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1954இல் இங்கேதான் தொடங்கியது. 1963இல் அருகிலேயே இன்னொன்று. காகித ஆலை வேறு. நிறவாரியாக மக்களைப் பிரித்துக் குடியேற்றிய ஆட்சியில் எங்கள் குடும்பங்களுக்குக் கிடைத்த இடம் இவற்றுக்கு நடுவே. குளிர்கால இரவுகளில் தரையோரக் குளிர்காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல அமர, கந்தக நெடி வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். குடியிருப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் ‘இது எந்தப் புகைபோக்கியிலிருந்து வருகிறது’ என்று கேட்டபடியே இருந்தார்கள். 2000இல் தென் டர்பனுக்கென்று காற்று மாசைக் குறைக்கப் பல்முனைத் திட்டம் வந்தது. கண்காணிப்புக் கருவிகள் வந்தன. ஆலைகளில் மாற்றங்கள் செய்யப்பட்டன. கந்தக டைஆக்சைடு குறைந்தது. 2004இல் நாடு முழுவதற்குமான காற்றுத் தரச் சட்டம் வந்தது. 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், ஹைவெல்ட் நிலக்கரிப் பகுதியின் காற்று உடல்நலத்துக்குக் கேடில்லாத சூழலுக்கு அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு தரும் உரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. உரிமை மீறல் என்றால் மீறியவர் உண்டு. உரிமை தானாக ‘மீறலடைவதில்லை’.

மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில வரியின் மேல் அகராதியை வைத்து அழுத்திவிட்டு, வந்த வரியை உரக்கப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. பேருக்குத் தமிழும் இருக்க வேண்டும் என்று அச்சடிக்கிறார்கள். டர்பனில் தமிழ் எழுத்தைப் படிப்பவர்கள் குறைவுதான். அதனால்தான் இன்னும் கவனம் வேண்டும் என்கிறேன். அன்று மண்டபத்தில் அந்த வரியை வாசித்துவிட்டு ஒரு மூதாட்டி என்னிடம் மெல்லக் கேட்டார்: “நாம் எவ்வளவு கட்ட வேண்டும், தம்பி?”

அவரிடம் பேனா வாங்கி அவருடைய தாளில் ‘அடைந்தவர்’ என்பதை அடித்து, மேலே ‘படுத்தியவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். மற்றத் தாள்கள் மேசை மேல் அப்படியே இருந்தன.