எக்ஸ்ரியூபேஷன் எண்டா மூச்சுக்குழாயை அகற்றுறதில்ல

உப்புவெளியில பக்கத்து வீட்டு அக்கா போன கிழமை ஒரு தாளைக் கொண்டு வந்து காட்டினா. அவட அம்மாவுக்கு ஒபரேஷன். "மூச்சுக்குழாய் அகற்றலின்போது இதயத்துடிப்பு, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு" எண்டு அதில ஒரு வரி. "தம்பி, மூச்சுக்குழாயை அகற்றினா அம்மா பிறகு எப்பிடி மூச்சு விடுவா?" எண்டு கேக்கிறா. எத்தனை தரம்தான் இந்தப் பிழையைப் பாக்கிறது!

அந்த 'மூச்சுக்குழாய் அகற்றல்' இங்கிலீசில இருக்கிற எக்ஸ்ரியூபேஷன் எண்ட சொல்லின்ர மொழிபெயர்ப்பு, மூச்சுக்கெண்டு தொண்டைக்குள்ள விட்ட ரியூப்பை வெளிய எடுக்கிறது. எக்ஸ் எண்டா வெளிய, ரியூபுஸ் எண்டா குழாய், லத்தீன். அவ்வளவுதான்.

மூச்சுக்குழாய் உடம்போட பிறந்த உறுப்பு, பள்ளிக்கூடத்தில வாதனாளி எண்டு படிச்சமே அதுதான். மயக்கம் குடுத்திட்டு வாய்வழியா அதுக்குள்ள விடுற பிளாஸ்டிக் ரியூப் வேற, ரெண்டுக்கும் ஒரே பேரை வைச்சா சனம் என்னெண்டு விளங்கும்? போதாததுக்கு 'அகற்றல்', கர்ப்பப்பை அகற்றல் பித்தப்பை அகற்றல் எண்டு வெட்டி எடுக்கிறதுக்குப் பழகின சொல் அது. சிலர் 'செயற்கைச் சுவாசம் நிறுத்தல்' எண்டு எழுதுறாங்க, அது இன்னும் மோசம், வீட்டாக்களுக்கு அது கைவிட்டாச்சு எண்டுதான் கேக்கும், ஆனா ஒபரேஷன் முடிஞ்சு ஆள் தானா மூச்சு விடுறதாலதான் ரியூப்பே வெளிய வருது. 'பிடுங்கல்' எண்டும் ஒண்டு கண்டன். ரியூப்பின்ர நுனியில இருக்கிற காத்துப்பையை இறக்கிப்போட்டுத்தான் மெதுவா எடுப்பாங்க, இறக்காமல் இழுத்தா குரல்நாண் காயப்படும். பிடுங்க அது என்ன பல்லா?

சேலைனைக் கழட்டியாச்சு, ஒக்சிஜன் மாஸ்க்கைக் கழட்டியாச்சு எண்டுதானே வோர்ட்டில சொல்லுறம். அப்ப இதுவும் 'செருகுகுழாய் கழற்றல்'. மாட்டினதைக் கழட்டுறம், உறுப்பில ஒருத்தரும் கை வைக்கேல்ல.

'கட்டுப்பாடு'ம் எனக்குச் சரியாப் படேல்ல. கழட்டேக்க ரியூப் தொண்டையில உரசும், இருமல் வரும், அட்ரீனலின் சுரந்து துடிப்பும் பிரஷரும் கொஞ்ச நேரம் ஏறும். கனபேருக்குத் தானா இறங்கிடும். இதய வருத்தக்காரருக்கும் மூளை ஒபரேஷன் செய்தவங்களுக்கும்தான் அது ஆபத்து, அதுக்காக லிக்னொகைன், எஸ்மொலோல் மாதிரி மருந்தை முதலே ஊசியில குடுத்து அந்த ஏற்றத்தைக் குறைப்பாங்க. அதுக்குத் 'தணித்தல்' எண்ட நல்ல சொல் இருக்கே.

19ஆம் நூற்றாண்டில மானிப்பாயில சாமுவேல் கிறீன் எண்ட அமெரிக்க டொக்டர் தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சவர். இப்ப மொழிபெயர்க்கிற ஆக்கள் எழுதினதை ஒரு நோயாளிக்காவது வாசிச்சுக் காட்டுறாங்களா?

அக்காட தாளில அந்த வரியை வெட்டிப்போட்டு, "தொண்டையில விட்ட ரியூப்பைக் கழட்டேக்க துடிப்பும் பிரஷரும் ஏறுறதைத் தணித்தல்" எண்டு பேனையால எழுதிக் குடுத்தன்.