மெனுகி: சொல் விளக்கம்

ஜப்பானியக் குத்துவாளின் கைப்பிடியில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு சின்ன உலோக உருவங்கள் பதிந்திருக்கும். சிங்கம், டிராகன், பூங்கொத்து என்று ஏதாவது ஒன்று. பேர் மெனுகி.

ஜப்பானிய மொழியில் 'மெ' என்றால் கண், துளை. 'நுகி' என்றால் ஊடுருவிப் போவது. ஆக, துளையில் ஊடுருவும் ஆணி. அழகுப் பொருளுக்கு ஏன் ஆணியின் பேர்? வாளின் அடிப்பகுதி பிடிக்குள் செருகியிருக்கும்; அது கழன்று வராமலிருக்கக் குறுக்கே ஓர் ஆணி வேண்டும். அந்த ஆணியின் தலையை அழகுபடுத்தியதுதான் பழைய மெனுகி. பிறகு ஆணி தனியாகி, 'மெகுகி' என்ற பேரில் பெரும்பாலும் மூங்கிலில் செய்யப்பட்டது. அலங்காரம் பழைய பேரை வைத்துக்கொண்டது.

நீள வாளில் மெனுகியைப் பாதி மறைத்துவிடும், மேலே சுற்றிய கயிறு. 'டான்டோ' எனும் குத்துவாளில், அதுவும் கைக்காப்புத் தட்டு இல்லாத 'ஐகுச்சி' வகையில், பல சமயம் கயிறே கிடையாது. திருக்கை மீனின் வெளிர்ந்த, மணிமணியான தோல்மேல் கருத்த உருவம் முழுசாகத் தெரியும். மெனுகியை ரசிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன். அந்தக் கருமை சாயமல்ல. செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்த 'ஷகுடோ' உலோகம், மருந்துநீரில் கொதித்து எடுக்கும் நிறம். 15ஆம் நூற்றாண்டில் கோட்டோ யூஜோ தொடங்கிய கோட்டோ பரம்பரை இதில் பேர்பெற்றது. 1876இல் வாள் அணிவதற்குத் தடை வந்ததும் இந்தக் கைவினைஞர்களில் பலர் பூச்சாடி, நகை என்று திரும்பினார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'பதக்கம்' பொருந்தாது, அது கழுத்தில் தொங்குவது. 'பிடியணி' என்பதே என் தேர்வு: இருக்கும் இடமும் தெரிகிறது, அழகுக்கானது என்பதும் தெரிகிறது. பிடியின் வாயில் மாட்டும் உலோக வளையமான 'ஃபுச்சி'க்குப் புதுச்சொல்லே தேவையில்லை. உலக்கைக்குப் போடும் 'பூண்' இருக்கிறதே. நகை என்ற பொருளும் அதற்கு உண்டு. பிடியின் நுனியை மூடும் 'கஷிரா'வைக் 'குமிழ்' எனலாம்.

மெகுகிக்கு 'முளை' போதும். அதையும் பிடியணியையும் குழப்பக்கூடாது: பிடியணி கழன்றால் அழகுதான் போகும், முளை கழன்றால் வாளே கையைவிட்டுப் பறக்கும்.